நான்காவது ராடின் மூடி

என்ஜினுக்குள் இருக்கும் பெரிய தண்டைக் கிராங்க் என்போம். அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால், நல்லதாக இருந்தால் கணீரென்று நீளமாக ஒலிக்கும். எங்காவது விரிசல் இருந்தால் ‘டப்’ என்று அங்கேயே செத்துவிடும். திருவொற்றியூரில் கிராங்க் தேய்க்கும் பட்டறை போட்ட நாளிலிருந்து எத்தனையோ தட்டிவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தட்டுவதற்கு முன்னால் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும்.

அன்றைக்குத் தொங்கியது ஒரு மூக்கு லாரியின் கிராங்க். மூக்கு லாரி என்றால், டிரைவருக்கு முன்னால் என்ஜின் பெட்டி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பழைய காலத்து வண்டி. காசிமேட்டில் ஐஸ் ஓட்டும் ஓர் அக்காவுடையது. வியாபாரம் அக்கா கையில், ஸ்டீரிங் அவர் வீட்டுக்காரர் கையில். கடலில் மீன் பிடிக்கத் தடைக்காலம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. படகெல்லாம் கட்டிக் கிடந்ததால் ஐஸுக்கு வேலையில்லை. அந்த இடைவெளியில் என்ஜினைப் பிரித்துவிடலாம் என்று பக்கத்து ஷெட்டில் என்ஜின் பிரித்துப் பூட்டும் பிட்டரான என் சிநேகிதன் வண்டியை உள்ளே இழுத்துவிட்டான்.

அக்கா பட்டறை வாசலில் நின்றே கண்டிஷன் போட்டுவிட்டார்.

“தோ பாரு நைனா. போட்டு கடல்ல எறங்கற அன்னிக்கு என் வண்டி ஐஸ் ஃபேக்டரி வாசல்ல நிக்கணும். நிக்கல, வேற வண்டிக்காரன் பூந்துருவான். அப்பறம் இத்த பழைய இரும்புக்குப் போட்டுட்டு நான் பாட்டுக்கு வாடகை வண்டி வச்சிக்குவேன்.”

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் ஓட்டுகிற வண்டி அது. “எனக்கு முன்னாடி அதுதான் இவருக்கு மொத சம்சாரம்,” என்று அக்கா சொன்னார். பிட்டர் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

கிராங்கைத் தட்டினேன். கணீர். அடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூளைக் கரைத்துப் பூசினேன். விரிசலுக்குள் எண்ணெய் ஒளிந்திருந்தால் காய்ந்த வெள்ளையில் கறுப்பு நரம்பாகக் கசியும். அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

“இன்னா, பவுடர் போட்டுப் பொண்ணு பாக்கறியா?”

“ஆமாக்கா. மூஞ்சில கோடு கீதான்னு பாக்கறேன்.”

கோடு இல்லை. எனக்கே ஆச்சரியம். எண்ணூர் ரோட்டுப் பள்ளத்தில் அத்தனை வருஷம் குதித்த தண்டு! ஆனால் மைக்ரோமீட்டர் வேறு கதை சொன்னது. கிராங்க் தேயத் தேய நாம் சமமாக்கி ஒல்லியாக்குவோம். அதற்கேற்ற பேரிங், அதாவது தண்டைச் சுற்றி உட்காரும் மெல்லிய உறை, கடையில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று சைஸ்வாரியாகக் கிடைக்கும். இதை ஏற்கெனவே முப்பது வரைக்கும் தேய்த்திருந்தார்கள். நான் நாற்பதுக்குத் தேய்த்தேன். அதோடு சரி. அதற்கு மேல் இந்த வண்டிக்கு பேரிங் கிடையாது, மாற்றுக் கிராங்கும் எங்கும் கிடையாது.

கிராங்க் பிட்டரிடம் போனது. ராடுகளெல்லாம் அவனிடமே இருந்தன. ராடு என்பது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கை. அதன் கீழ்முனை இரண்டு பாதியாக இருக்கும். கிராங்கின் கழுத்தைச் சுற்றிப் பாதி மேலேயும், மூடி கீழேயும் வைத்து போல்ட்டால் முறுக்குவார்கள். சாயங்காலம் அவனே வந்தான், முகம் தொங்கிப்போய்.

“மாமு, கிராங்கு சுத்த மாட்டேங்குது. சிமெண்ட் வச்சி பூசின மாறி கீது.”

போய்ப் பார்த்தால் அக்காவும் வீட்டுக்காரரும் அங்கே. மூன்று பேர் கண்ணும் என் மேல். பிட்டர் கடப்பாரை போட்டு நெம்பினாலும் அசையவில்லை.

“நீ சரியாத் தேய்க்கல நைனா,” என்றார் அக்கா. “இன்னும் ரெண்டு நாள்ல போட்டு எறங்குது.”

வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “அதான். இன்னும் லேசா ஒரு தேய்ப்பு தேயேன். லூசாயிடும்.”

“அண்ணாத்த, இன்னும் தேச்சா அதுக்கு பேரிங்கே இல்ல. கழுத்தெல்லாம் அளவுக்குச் சரியாத்தான் கீது. எது புடிக்குதுன்னு தெரியாம தேச்சா, அக்கா சொன்ன மாறி பழைய இரும்புதான்.”

“தேயின்றேன்ல,” என்றார். குரலில் ஒரு அவசரம். வண்டி மேல் உயிராக இருக்கிற மனுஷன் ஏன் அதைக் கொல்லச் சொல்கிறார்? அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

“ஒண்ணொண்ணா லூஸ் பண்ணுடா,” என்றேன் பிட்டரிடம்.

ஒன்றாவது மூடியைத் தளர்த்தினான். அசையவில்லை. அதை முறுக்கிவிட்டு இரண்டாவது. இல்லை. மூன்றாவதும் இல்லை. நான்காவதைத் தளர்த்தியதும் கிராங்க் என் கையோடு வந்து, எண்ணெய் மினுமினுக்க ஒரு சுற்றுச் சுற்றியது. முறுக்கினான், பிடித்தது. தளர்த்தினான், விட்டது. குற்றவாளி கிராங்க் இல்லை, இந்த மூடி.

கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ராடோடு சேர்கிற அதன் முகத்தில் மெஷின் கோடு இல்லை. அரம் போட்ட கோடும் இல்லை. அரம் என்றால் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடும். இங்கே கோடுகள் முன்னும் பின்னுமாக நெளிந்து, நடுநடுவே புள்ளி புள்ளியாக விட்டுவிட்டுப் போயின. என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்ததில்லை. தட்டையான கண்ணாடித் துண்டு மேல் வைத்தேன், தொட்டில் மாதிரி ஆடியது.

யாரோ இந்த முகத்தைத் தேய்த்திருக்கிறார்கள். ராடு தட்டி சத்தம் வரும்போது, மூடியைத் தேய்த்து இறுக்கினால் கொஞ்ச நாள் சத்தம் அடங்கும். பேரிங் தேய்ந்திருந்தவரை ஓடியது. புதுசு போட்டதும் முட்டை வடிவமாகிப்போன ஓட்டை கழுத்தை நெறிக்கிறது. அதெல்லாம் புரிந்தது. புரியாதது ஒன்றுதான்.

“இத்த எதுல தேச்சிருப்பான்?” என்று வாய்விட்டே கேட்டேன். “கல்லுல தேச்ச மாறி கீது. ஆனா தரைக்கல்லு இல்ல. கொத்துன கல்லு.”

அக்கா கையை நீட்டினார். கொடுத்தேன். கட்டைவிரலால் அந்த முகத்தைத் தடவினார். திரும்பவும் தடவினார். பிறகு மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினார். அவர் ரோட்டில் போகும் கன்டெய்னர் லாரியை, அதுவரை கன்டெய்னரே பார்க்காதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யோவ்.”

“இன்னா?”

“இது என் அம்மி.”

பிட்டர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

“ஒரு தபா ஒரு வாரம் பூரா சட்னில கிருஷ்ணாயிலு நாத்தம் அடிச்சிதே. மண்ணு நறநறன்னுச்சே. நான் பொட்டுக்கடலைக்காரன் சட்டையப் புடிச்சி சண்ட போட்டேனே. நீ பக்கத்துல நின்னு ‘விடு, பாவம்’ன்னு சொன்னியே! அதான் பாவம்னியா?”

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். “மறுநாள் லோடு இருந்திச்சி. ராடு கடகடன்னு அடிச்சிக்கினு கெடந்திச்சி. மெக்கானிக்க இட்டாந்தா நீ வண்டிய வித்துடலாம்பே. அடில பூந்து கழட்டினேன். வால்வு தேய்க்கிற மண்ணு பேஸ்ட்டு கொஞ்சம் கிருஷ்ணாயில்ல கொழச்சி வச்சி... நீ காசிமேட்டு ஆர்பருக்குப் போயிருந்த.”

“அத்த இப்ப சொல்றதுக்கு இன்னாய்யா? கிராங்கையே காலி பண்ணச் சொல்ற!”

“உன் மூஞ்ச பாத்தா சொல்ல வர்ல.”

அக்கா அவரையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நாங்கள் தள்ளி நின்றோம். “கலீஜ் பண்ணி வச்சிக்கினு...” என்று ஆரம்பித்தவர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையோ என்று பயந்தேன். சிரிப்பு.

வேலை அதன்பிறகு சுலபம். மூடியின் முகத்தையும் ராடின் முகத்தையும் மெஷினில் தட்டையாக்கி, சேர்த்து முறுக்கி, ஓட்டையை மறுபடி வட்டமாகக் குடைந்தேன். அக்கா ஸ்டூலை விட்டு எழவே இல்லை. பிட்டர் பூட்டி முடித்ததும் அவரே முன்னால் வந்து கிராங்கைப் பிடித்துத் தள்ளினார். வெண்ணெயில் கத்தி போனமாதிரி சுற்றியது.

“நாலாவதும் போவுதா?”

“எல்லாம் போவுதுக்கா.”

படகு இறங்கிய காலையில் அந்த வண்டி கறுப்புப் புகையைத் துப்பிவிட்டு, ஐஸ் ஃபேக்டரி வாசலில் முதல் ஆளாக நின்றது. ஓட்டினவர் முகத்தில் அப்படி ஒரு அடக்கம்.

எனக்கு அந்த அம்மியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரும்பு ஸ்கேலைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கொத்துப் புள்ளி நிறைந்த அம்மி. ஸ்கேலைப் படுக்கவைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அரைத்து அரைத்து நடுவில் குழிந்திருந்தது, அடியில் வெளிச்சம் தெரிந்தது. அதுதான் மூடி தொட்டிலாக ஆடிய ரகசியம். குழியில் தேய்த்தால் முகம் உருண்டுதானே போகும்.

“உன் வேலைய முட்சிட்டியா? ஒக்காரு,” என்று அக்கா தட்டை வைத்தார். இட்லி, அதே அம்மியில் அரைத்த சட்னி. வீட்டுக்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு துண்டைச் சட்னியில் தோய்த்து, வாய்க்குப் போகும் வழியில், என்னையறியாமல் மூக்குப் பக்கம் நிறுத்திவிட்டேன்.

“மோந்து பாக்காத நைனா,” என்றார் அக்கா. “இப்பெல்லாம் அம்மியத் தூக்கி கட்டிலுக்கு அடில வச்சிட்டுத்தான் நான் ஆர்பருக்கே போறேன்.”