சாயம் ஏறாத சிவப்புப் புழு

இன்று பள்ளியிலிருந்து எங்களை ஆற்றுக்குக் கூட்டிப் போனார்கள். தண்ணீரில் எந்தப் பூச்சி வாழ்கிறது என்று பார்த்தால் ஆற்றின் உடம்பு எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடுமாம்.

வலையில் வந்ததெல்லாம் சிவப்புப் புழு.

பக்கத்தில் கார்த்தி. அவன் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நான் சும்மா இருப்பேனா?

"இன்னாடா, உங்கப்பா புழுவுக்கும் கலர் போட்டுகினு கீறாரா? அரக்கு செவப்பு நல்லா ஏறிக்கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகம் சுண்டியது.

"மிஸ், நெஜமாவே எங்க சாயமா?"

"இல்லப்பா, அது அதோட ரத்தம். தண்ணியில ஆக்சிஜன் கொறஞ்சாலும் அது தாங்கும்."

கார்த்தி மூச்சு விட்டான். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"அப்போ தாங்காத பூச்சிங்கல்லாம் எங்க மிஸ்?"

மிஸ் வலையை மறுபடி தண்ணீரில் விட்டார். மறுபடியும் சிவப்புதான். யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது சேவூர் போகிற பஸ்ஸில் கார்த்தி ஒன்றுதான் சொன்னான். "சாயத்தண்ணிய எங்க ஊத்துறாருன்னு அப்பாவ கேக்கணும்டா."

அப்போதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆற்றோரம் இருக்கிறவர்கள் தண்ணீரில் கிடக்கும் நாலு கல்லைப் புரட்டிப் பாருங்கள். என்ன பூச்சி இருந்தாலும் போட்டோ அனுப்புங்கள், அவனுக்குக் காட்ட வேண்டும்.

சிவப்பு மட்டும் வேண்டாம்.