கூடை மாறிய காலர்கள்

எங்கள் தையல் மிஷின் காலையில் எனக்கு நமஸ்தே சொல்கிறது. கழுத்தில் தொங்கும் அட்டையை அதன்மேல் மாட்டியிருக்கும் சின்னத் திரையில் காட்டினால்தான் ஊசி இறங்கும். என் மாமியார்கூட என்னை இத்தனை மரியாதையாக வரவேற்றதில்லை. அதன்பிறகு நாள் முழுக்க, நான் தைக்கும் ஒவ்வொரு காலரையும் அது எண்ணிக்கொண்டிருக்கும்.

திருப்பூரில் தைத்தபோதும் டார்கெட் உண்டு. சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து கூடையைப் பார்ப்பார், அவ்வளவுதான். டெல்லிக்கு வந்து ஓக்லா தொழிற்பேட்டையில் இந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதிலும் அப்படித்தான். ஹிந்தியும் தெரியாமல், காய்ச்சலோடு நான் தடுமாறிய வாரத்தில், பக்கத்து மிஷின் முன்னி, தான் தைத்த காலர்களைச் சத்தமில்லாமல் என் கூடையில் போட்டாள். பீகார்க்காரி. முடியாதவர் கூடைக்கு மற்றவர்கள் தள்ளிவிடுவது எங்கள் வரிசையில் வழக்கம். பின்னாளில் அவள் மணிக்கட்டு வீங்கியபோது என் காலர்கள் அவள் கூடைக்குப் போயின. போன மாதம் திரை வந்தது. கூடை நிறைந்தாலும் திரையில் அவள் எண்ணிக்கை ஏறவில்லை.

திரைகளை மாட்டிவிட்டு, சரிபார்க்கத் தங்கியிருந்த இன்ஜினியர் சேலத்துக்காரர். போனில் அவர் தமிழ் பேசுவதைக் கேட்டதும் ஓடிப்போய் நின்றேன். வாய் நிறையத் தமிழ் பேசி எவ்வளவு நாளாயிற்று! சிரித்துச் சிரித்துப் பேசினேன். பிறகு மெல்லக் கேட்டேன்.

"தம்பி, பக்கத்து சீட்டு முன்னிக்குக் கை சரியில்ல. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக் கணக்குல போட முடியாதா?"

"முடியாதுக்கா. சீட்டுக்கு ஒரு ஆள்தான். பிஸ்கட் கம்பெனி, செருப்பு கம்பெனி, மருந்து கம்பெனி, எங்க போனாலும் இப்படித்தான் மாட்டுறோம்."

பேச்சுவாக்கில் முன்னியின் பக்கம் கைகாட்டியிருக்கிறேன். அவள் பார்த்திருக்கிறாள். அந்த வாரமே, எண்ணிக்கை குறைவு என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேட் வரை பின்னாலேயே ஓடினேன். உனக்காகத்தான் பேசினேன் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

"அச்சா? ஹன்ஸ் ஹன்ஸ் கே?" என்றாள். அப்படியா, சிரித்துச் சிரித்தா என்று கேட்கிறாள். அழுகைதான் வந்தது. அவள் நிற்காமல் போய்விட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வரிசைப் பெண்கள் வழக்கம்போல் வட்டமாக உட்கார்ந்தார்கள். யாரும் எனக்கு நகர்ந்து இடம் விடவில்லை. எதிர்மூலையிலிருந்து இன்ஜினியர், "அக்கா, இங்க வாங்க, சாம்பார் இருக்கு" என்று கூப்பிட்டார். அந்தத் தமிழுக்கு மனம் ஏங்கத்தான் செய்தது. போனால், நான்தான் முன்னியைக் காட்டிக்கொடுத்தேன் என்று அவர்கள் நினைப்பதே உண்மை என்றாகிவிடும். டிபன் பாக்ஸைத் திறந்து, நடுவிலேயே நின்று சாப்பிட்டேன்.