தராசுக்கு ஒரு துணிக்கிளிப்

அவரை எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடங்கள் ஒரே தராசின் முன் உட்கார்ந்திருந்தவர். எண் அசையாமல் நின்றதும் சீட்டில் எழுதி, அடுத்த அறைகளிலிருந்த ஆய்வாளர்களிடம் கொடுப்பார். தன் நீல நோட்டிலும் எழுதிக்கொள்வார். அந்த நோட்டை யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் வந்து, தராசிலிருந்து எடை வரும் ஒயரைச் சின்னப் பெட்டி ஒன்றில் செருகி, பெட்டியை நெட்வொர்க்கில் இணைத்தார். இனி மூன்று கம்ப்யூட்டர்களிலும் எடை தானாகவே ஏறும்.

"ஆனா ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் போகும் சார். வேலை முடிஞ்சதும் புரோகிராமை மூடிடணும்."

"அதெல்லாம் மூடிடுவாங்க" என்ற மேலாளர் அக்காவிடம் திரும்பினார். "திங்கக்கிழமையிலேருந்து நீங்க பாட்டில் கழுவுற பக்கம் போயிடுங்கம்மா."

அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். நடந்தால் பரவாயில்லை, நின்றால் அக்காவுக்குக் கால் வீங்கிவிடும்.

அந்தத் திங்கள் வருவதற்குள், புதன்கிழமை, 'அவசரம்' என்று பெயரெடுத்த ஆய்வாளர் எட்டு மாத்திரைகளை நிறுத்துவிட்டு, புரோகிராமை மூடாமல் சாப்பிடப் போனார். இளம் ஆய்வாளர் ஒருத்தி வந்து சிரப்புப் பொடியை இரண்டு முறை நிறுத்தாள். அவள் திரையில் ஒன்றும் வரவில்லை. அவசரம் திரும்பியபோது அவர் திரையில் பத்துக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. எட்டுதானே வைத்தோம் என்று யோசிக்காமல், மாத்திரை தேறவில்லை என்று அறிக்கை எழுதிவிட்டார்.

"கடைசி ரெண்டும் தங்கச்சி வெச்ச பொடி, தம்பி" என்றார் அக்கா, நீல நோட்டைக் காட்டி.

"இன்னுமா எழுதிட்டிருக்கீங்க?"

"கை சும்மா இருக்க மாட்டேங்குதே."

விஷயம் கேள்விப்பட்டு வந்த மேலாளர் அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அக்கா பையிலிருந்து ஒரு துணிக்கிளிப்பை எடுத்து வைத்தார். "இது யார் காலர்ல இருக்கோ அவங்க மட்டும் தராசைத் தொடட்டும். மூடிட்டு இங்க கொண்டாந்து குடுக்கட்டும்."

"இது என்னக்கா டெக்னாலஜி?" என்றார் அவசரம்.

"துணி காயப்போடுற டெக்னாலஜி."

பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை அவசரம் கிளிப்போடேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பெட்டியும் தராசும் சும்மா இருக்க, ஆய்வாளர்கள் இருவர் எடை போட வேண்டிய மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"வேற கிளிப் இல்லையாம்மா?" என்றார் மேலாளர்.

"பை நிறைய இருக்கு சார். ரெண்டாவது ஒண்ணு குடுத்தா, முதல் கிளிப்புக்கு என்ன மரியாதை?"

பகிர்வதை ஒயரின் வேலை என்றே நினைத்திருந்தேன். பிறர் முறை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் அதில் சேர்த்தி போலும்.

மேலாளர் போன் போட்டார். பாதி வழியிலிருந்து திரும்பி மூச்சிரைக்க வந்த அவசரம், காலரிலிருந்து கிளிப்பைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார். அக்கா நேரத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

மேலாளர் எட்டிப் பார்த்தார்; யார் எப்போது கிளிப்பை வாங்கினார், எப்போது திருப்பினார் என்று எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தது.

"திங்கக்கிழமையும் இங்கேயே உட்காருங்கம்மா."

"சரி சார்" என்ற அக்கா, கிளிப்பை அடுத்தவரிடம் கொடுத்தார்.