கெட்டிச் சாயம்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தபோது கம்பெனியே யூனிபார்ம் கொடுத்தது. ஷூவை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்புத் தோல் ஷூ இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். கனகம்மாசத்திரத்தைத் தாண்டி ரோட்டோரத்தில் இருந்தது அந்தக் கம்பெனி. அவர் வயசுக்கு இதை விட்டால் வேறு வேலை கிடைக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

வீட்டில் ஒரு பிரவுன் ஷூ கிடந்தது. பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுக் கொடுத்தது. "கறுப்பாக்கிட்டா போச்சு" என்றேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. நைனா பட்டறையில் நூலுக்குச் சாயம் போட்டவர், நானும் கூட நின்றவள். எங்களுக்குத் தெரியாத சாயமா?

தோலுக்குச் சாயம் போடுவது பொறுமையான வேலை. பழைய பாலீஷை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, சாயத்தைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவ வேண்டும். நிழலில் காயவிட்டு மறுபடி தடவி, துணியில் ஒட்டாமல் போகும் வரைக்கும் துடைத்து, கடைசியில் மெழுகு போட வேண்டும். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நூலுக்குப் போடுவதுபோல உப்பும் கறுப்புச் சாயமும் கரைத்து, ஜோடியை உள்ளே முக்கினேன்.

கறுப்பு நன்றாகவே ஏறியது. ஆனால் வெந்நீரில் தோல் சுருங்கி விறைத்துவிட்டது. தேங்காய் எண்ணெயும் மெழுகும் தேய்த்து, பழைய சாக்ஸால் பளபளப்பாக்கினேன். நைனா காலை நுழைத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் புடிக்குதும்மா. போட்டுகினே இருந்தா சரியாப் பூடும்."

சர்க்கரை வியாதியில் அவருக்குப் பாதம் பாதி மரத்திருந்தது. அவருக்கே கொஞ்சம் பிடித்தது என்றால் எவ்வளவு பிடித்திருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

வேர்வையில் சாயம் விட்டது. சாயங்காலம் வந்தால் சாக்ஸும் கறுப்பு, விரல்களும் கறுப்பு. சோப்பு போட்டுத் தேய்ப்பேன், முழுசாகப் போகாது. நாங்கள் பயப்படவில்லை. மணிக்கட்டு வரைக்கும் நீலமும் சிவப்புமாக வருஷக்கணக்கில் சோறு தின்றவர்கள் நாங்கள். உடம்பில் நிறம் தெரிந்தால் எங்களுக்கு அது சாயம்தான்.

வலது கால் கட்டைவிரல் மட்டும் நாளாக நாளாகக் கூடுதலாகக் கறுத்தது. "அங்கதான் அழுத்துது, அதான் நல்லா ஏறிக்கிச்சி" என்றார். வாடை வந்தபோது ஈரத் தோல் வாடை என்றேன் நான். "பாத்தியா நைனா, என் சாயம் எவ்ளோ கெட்டி" என்று சிரித்தேன்கூட. அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றபடியே வேலைக்குப் போய் வந்தார். மறுநாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நர்ஸம்மா பாதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாது இது?" என்றார்.

"சாயங்க" என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக.

அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுண்டுவிரலைத் துடைத்தார். பஞ்சு கறுத்தது, விரல் வெளுத்தது. அடுத்தடுத்த விரல்களும் அப்படியே. கட்டைவிரலுக்குப் புதுப் பஞ்சு எடுத்து அழுத்தித் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"வெரலு செத்துப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

நைனா அந்த வெள்ளைப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அப்போ இது சாயம் இல்லியாம்மா?" என்று கேட்டார்.