மாசமாக இருப்பவளிடம் சொல்லக்கூடாதது

பக்கத்து அறையில் பேச்சு தணிந்தால் நஃபீஸத்துக்குக் காது நீண்டுவிடும். "உங்களுக்குத் தொட்டதுக்கெல்லாம் சந்தேகம் மதினி" என்று கொழுந்தன் கேலி செய்வான். செய்யட்டும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது.

மகள் முஃபீதாவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. ‘ம்மா’, ‘தா’ தவிர வாயில் பேச்சில்லை. காதில் குறை இல்லை என்று பார்த்தாயிற்று. ஆனால் கொஞ்ச நாளாக மாமி, சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் தன் மகன், நஃபீஸத்தின் மாப்பிள்ளை ஹாஜாவோடு போனில் குசுகுசுவென்று பேசுகிறாள். மருமகள் தலை தெரிந்தால் "சரி, வைக்கேன்" என்று முடித்துவிடுகிறாள். பிள்ளைக்கு ஏதோ பெரிய குறை இருக்கிறது, தன்னிடம் மறைக்கிறார்கள் என்று நஃபீஸத் முடிவே கட்டிவிட்டாள்.

இந்தக் குசுகுசுப்பு அவளுக்குப் புதிதல்ல. முஃபீதா வயிற்றில் இருந்தபோதும் மேலப்பாளையத்து வீட்டில் இதேதான் நடந்தது. அதே தம்மாமில் இருந்த அவளுடைய வாப்பா திடீரென்று போன் பேசுவதை நிறுத்தினார். போன் கெட்டுவிட்டது என்றார்கள். அவ்வப்போது ஹாஜா அனுப்பும் குரல்பதிவில் வாப்பாவின் குரல் மட்டும் வந்தது. நோன்பு கழிந்து எத்தனையோ மாதமான பிறகு ஒருநாள் அந்தக் குரல், "நோன்புக்கஞ்சி குடிச்சியாம்மா?" என்று கேட்டது. நஃபீஸத் விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தாள். ஏழாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக கடையநல்லூரிலிருந்து உம்மாவும் வரவில்லை. கால் வீக்கமாம். கேட்டால் எல்லோரும் சிரித்து மழுப்பினார்கள். அவள் கேட்பதை விட்டாள். தூக்கத்தையும் விட்டாள்.

பிரசவமாகி நாற்பது நாள் கழிந்த பிறகுதான் சொன்னார்கள். வாப்பா மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். ஹாஜா அனுப்பியதெல்லாம் அவர் எப்போதோ பேசி வைத்த பழைய பதிவுகள். உம்மா, கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தாவில் இருந்ததால்தான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மாசமாக இருப்பவள் காதில் துக்கச் செய்தி விழக்கூடாதாம். நல்லதுக்குத்தான் செய்தோம் என்றார்கள். அன்றிலிருந்து நஃபீஸத் அந்த வீட்டில் முகங்களைப் பார்த்தாளே தவிர, யாரிடமும் வாய்விட்டுப் பேசவில்லை. பிள்ளையிடமும்தான்.

பாளையங்கோட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் விஜயஸ்ரீயிடம் மாமியும் மருமகளும் முஃபீதாவைக் கூட்டிப்போனார்கள். "இவ வயித்துல இருக்கும்போது உங்களுக்கு மனக்கஷ்டம் எதுவும் இருந்துச்சாம்மா?" என்று அவள் கேட்டாள்.

மாமி முந்திக்கொண்டாள். "ஒண்ணும் கிடையாது. பூ மாதிரில்லா தாங்குனோம்."

"இருந்துச்சு!" என்றாள் நஃபீஸத்.

அறையே அதிர்ந்தது. கட்டையை உருட்டிக்கொண்டிருந்த முஃபீதா தலைதூக்கித் தாயையே பார்த்தாள். உம்மாவின் குரல் இவ்வளவு பெரிதென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நஃபீஸத் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் மாமி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அதைத்தான் ஹாஜாகிட்ட சொல்லிச் சொல்லி அழுதேன். நாம மறைச்சதுதான் புள்ள வாயைக் கட்டிருச்சோன்னு. உன் மூஞ்சில முழிக்க முடியல, நஃபீஸத்து."

நஃபீஸத்துக்குக் கோபமும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது இதுதானா?

"தாய்க்கு ரொம்ப மன அழுத்தம்னா பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகலாம்னு சொல்லுதாங்க. எல்லாருக்கும் அப்படி ஆகுறதில்ல. இவளுக்கு அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றாள் விஜயஸ்ரீ. "பயிற்சி நான் குடுக்கேன். வீட்டுல இவ முன்னால எல்லாரும் நல்லா வாய்விட்டுப் பேசுங்க."

திரும்பும்போது ஆட்டோவில் போன் அடித்தது. மாமி பழக்கதோஷத்தில் வாயைப் பொத்தப் போனாள். பிறகு மருமகளைப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, பேத்தியின் மடியில் போனை வைத்தாள்.

"உம்மா," என்றது ஹாஜாவின் குரல், பைய. "பக்கத்துல நஃபீஸத் இல்லியே?"

"இங்கனதான் இருக்கேன்" என்றாள் நஃபீஸத். "சத்தமாச் சொல்லுங்க. முஃபீதாவும் கேக்கா."