ஒரே பெயரில் இரண்டு படங்கள்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தனுஜா, ஹட்டனில் மண்சரிவைக் கண்காணிக்கும் சிறிய அமைப்பொன்றில் கணினி வேலை பார்க்கிறாள். மழைக்காலத்தில் தோட்டத்து மக்கள் நிலத்திலும் சுவரிலும் காணும் வெடிப்புகளைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புவார்கள். படங்கள் இணையச் சேமிப்பான கிளவுட்டில் சேரும். அவற்றின் பெயர்கள் வெறும் எழுத்தும் எண்ணும்தான். அலுவலகக் கணினிக்குப் பிரதியெடுக்கும்போதே திகதியும், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் பெயரும் கோப்பின் பெயராகிவிடும்படி ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் ஒன்றை எழுதியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தக் கார்த்திகையில் மழை விட்டபாடில்லை. ஒரு காலை, மேட்டு லயத்தில் குடியிருக்கும் ஜீவராணி கூப்பிட்டாள்.

"தனுஜா, நான் அனுப்புன படத்த பாத்தியா?"

"பாத்தேன்க்கா. அடுப்படிச் சொவத்துல சின்ன வெடிப்புதானே?"

"அது பொறகு எடுத்தது புள்ள. லயத்துக்குப் பின்னால மண்ணு பொளந்து கெடக்கே, அதத்தானே மொதல்ல அனுப்புனேன்!"

தேடினாள். அந்தப் படம் இல்லை. ஸ்கிரிப்டைத் திரும்ப வாசித்தபோது பிழை தெரிந்தது. ஒரே நாளில் ஒரே லயத்திலிருந்து இரண்டு படம் வந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர். பிந்தி வந்தது முந்தியதை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. மிஞ்சிய படங்களைப் பார்த்துத்தான் மேட்டு லயத்துக்கு ஆபத்தில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளவுட்டில் மூலப் படங்கள் அப்படியே இருந்தன. பெயரோடு நேரத்தையும் சேர்த்து, இருக்கும் கோப்பின்மேல் எழுதாதபடி ஸ்கிரிப்டைத் திருத்தி, எல்லாவற்றையும் மறுபடி இறக்கினாள். மேட்டு லயத்துப் படங்களை நாள் வரிசையில் திறந்தாள். முதலில் புல்லுக்கு நடுவே மெல்லிய கோடு. பிறகு விரல் நுழையும் பிளவு. பிறகு சாய்ந்து நின்ற கொய்யா மரம். கடைசிப் படத்தில், ஆழம் தெரியட்டும் என்று ஜீவராணி குடையை உள்ளே விட்டிருந்தாள். பிடி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

தோட்டத் தலைவர் முத்துலிங்கத்தை அழைத்தாள்.

"மாமா, மேட்டு லயத்துல யாரும் இருக்கக் கூடாது. இப்பவே எறக்குங்க."

"மழ கொறஞ்சிருச்சே. நேத்து நீதானே பயமில்லன்ன?"

"தப்பா சொல்லிட்டேன் மாமா. பின்னால போயி ஊத்துத் தண்ணி கலங்கி வருதான்னு பாருங்க, வந்தா மண்ணு நகருதுன்னு அர்த்தம்."

சேற்றில் அவர் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"சேறாட்டம் வருது புள்ள," என்றார். அடுத்த நொடி கதவு கதவாகத் தட்டி அவர் கத்துவது கேட்டது.

எல்லோரும் கோயில் மண்டபத்துக்கு இறங்கினார்கள். மறுநாள் மத்தியானம், வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மேடு சரிந்து லயத்தின் பாதியை மூடியது. ஜீவராணியின் வீடு இருந்த இடத்தில் செம்மண்தான் கிடந்தது. உள்ளே யாருமில்லை.

மண்டபத்தில் நெருக்கியடித்துக் கிடப்பவர்களுக்கு மாற்று இடம் இன்னும் கிடைக்கவில்லை. மிஞ்சிய அறைகளுக்குச் சிலர் திரும்பிவிட்டார்கள். இந்த வாரம் மறுபடி மழை பிடித்திருக்கிறது. நேற்று மேட்டுக்குக் கீழே இருக்கும் பணிய லயத்திலிருந்தும் ஒரு படம் வந்தது: வாசற்படி சுவரைவிட்டு விலகி நிற்கிறது. தனுஜா உடனே முத்துலிங்கத்தை அழைத்துச் சொன்னாள்.

"எறக்கலாம் புள்ள," என்றார் அவர். "எங்க எறக்குறது?"