கடைசியாக விழுந்த மல்லாட்டை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா இறைவனிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு முடிகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். "மலர்ல போய் சண்டை போட்டு வெக்காதீங்க" என்று என் மனைவி முன்கூட்டியே எச்சரித்தும் விட்டாள். சண்டை போடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அக்கா ஆண்டுதோறும் செய்த ஒரு காரியம் அவர் இருந்தவரை எனக்குப் புரியவில்லை. இப்போதாவது புரிந்ததா என்று கேட்டால் அதற்கும் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. குழப்பத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கண்டமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்டுப் பிழைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே கண்ணை மூடிவிட, தையல் கற்றுக்கொண்டு திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் தையல் ஆசிரியை ஆனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அக்காவைக் கட்டிய மாமா லாரி ஓட்டியவர், நல்ல மனிதர். மஞ்சள் காமாலை அவரையும் கொண்டுபோய்விட்டது. பிள்ளை இல்லை. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா, அங்கிருந்தே தினமும் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தார். கையில் எவர்சில்வர் தூக்குவாளியில் மதியச் சோறு இருக்கும். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அதில் பாதி காலியாகிவிடும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பொறுமையின் சிகரம் என்று எழுதலாமே என்றார் ஒரு உறவினர். அக்காவுக்குப் பொறுமையே கிடையாது. தெருக்குழாய் அடியில் சேறாகிக் கிடந்ததைப் பார்த்து நாங்கள் எல்லாரும் மனு எழுதலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, அக்கா பிரியாணி போடலாம் என்றார். "சங்கத்துக்குக் காசு குடுன்னா எவன்டா குடுப்பான்? சாப்பாட்டுக்குக் குடுன்னா குடும்பத்தோட வருவான்" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் பகுதியின் பொதுச் சாப்பாடு.

புதிதாகப் படிப்பவர்களுக்காக அதன் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் இலைக்கு இவ்வளவு என்று கொடுத்துச் சாப்பிடுவோம். சமையல் காதர் பாய். செலவு போக நிற்கும் தொகை, தெருவில் ஏதாவது ஒரு சின்ன வேலைக்குப் போகும். எந்த வேலைக்கு என்பதைச் சாப்பிட்டவர்களே முடிவு செய்வார்கள். கேட்க விரும்புபவர் தன் வீட்டுப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து பந்தலில் வைத்து, ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். சீட்டு எழுதிப் போட்டால் கையெழுத்தைப் பார்த்துச் சண்டை வரும் என்று, இலைக்கு ஒரு மல்லாட்டை கொடுப்பார் அக்கா. பாத்திரத்தின் வாயைத் துணியால் கட்டி நடுவில் ஓட்டை போட்டிருக்கும். பிடித்த பாத்திரத்தில் மல்லாட்டையைப் போட வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் ஒரே அண்டாவில் உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றுவிடுவோம். அதனால் மறு எண்ணிக்கை என்ற பேச்சே கிடையாது.

இனி என் குறைக்கு வருகிறேன். எங்கள் வீடு தெருவிலேயே பள்ளமான இடத்தில் இருக்கிறது. நாலு தூறல் விழுந்தால் வாசலில் தண்ணீர் நிற்கும். சில சிமெண்ட் குழாய்களைப் புதைத்து முனையிலுள்ள பெரிய கால்வாயில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. அதற்காக ஆண்டுதோறும் அக்காவின் தூக்குவாளியை வைத்துக் கேட்போம். கேட்பவரும் அக்காதான். தண்ணீரில் பாம்பு வந்த கதையெல்லாம் சொல்லி எல்லாரையும் உருக வைப்பார். அப்புறம் பரிமாறி முடித்து, கடைசி ஆளாகச் சாப்பிட்டு, கடைசி ஆளாகத் தன் மல்லாட்டையை எடுத்துக்கொண்டு போய் வேறு யாருடைய பாத்திரத்திலோ போடுவார். "டணக்" என்று சத்தம் கேட்கும். என் வயிறு எரியும்.

ஒரு வருடம் அங்கன்வாடியில் ஊஞ்சல் வேண்டும் என்று கேட்ட ஆயா தனத்தின் குடத்தில் போட்டார். இன்னொரு வருடம் செருப்புத் தைப்பவருக்கு நிழல் கேட்ட சொம்பில் போட்டார். இரண்டுமே தோற்றன. எங்களுடையதும் தோற்றது. அக்காவே போடலையே, நாம எதுக்குப் போடணும் என்று பேசியவர்களை நானே கேட்டிருக்கிறேன்.

"ஏங்க்கா, உனுக்கு இன்னா பைத்தியமா? கேக்கறதும் நீ, கவுக்கறதும் நீயா?" என்று கத்தினேன்.

"தனம் கட்டிக்கினு வந்த பொடவ நல்லா இருந்துச்சிடா, அதான் போட்டேன்" என்றார். வேறு பதில் எப்போதும் வந்ததில்லை.

தன் வீட்டுக்குத் தானே போட அண்ணிக்கு வெட்கம் என்றாள் என் மனைவி. நடத்துகிறவர் தனக்கே எடுத்துக்கொண்டார் என்ற பேச்சு வரக்கூடாதாம், அது காதர் பாயின் கணக்கு. எதுவும் எனக்கு ஒட்டவில்லை.

சென்ற ஆண்டு அடைமழையில், ஒரு காலை நேரம், அக்காவுக்கு மூச்சுத் திணறியது. வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. தெருப் பிள்ளைகள் அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள். அந்த மூச்சிலும் அக்கா, "பாத்து வாங்கடா, எடது பக்கம் குழி இருக்கு" என்றார். சில நாள் மருத்துவமனையில் இருந்து, அங்கேயே அமைதியானார். அந்தத் தாமதத்துக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார். நம்புகிறேன். ஆனாலும் மழை பெய்யும்போதெல்லாம், நீயே போட்டிருக்கலாமே அக்கா என்று மனம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

அவர் இல்லாமல் இந்த ஆண்டுச் சாப்பாடு நடந்தது. நான்தான் கேட்டேன். அக்காவின் படத்துக்கு மாலை போட்டு, பக்கத்திலேயே தூக்குவாளியை வைத்தேன். எல்லாரும் படத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "கவலய வுடுண்ணே, இந்த வருசம் அக்காவுக்காக கால்வாய்தான்" என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். பரிமாறும் வேலை என் தலையில். எல்லாரும் எழுந்த பிறகு சாப்பிட்டுவிட்டு, கடைசியாக என் மல்லாட்டையோடு போனேன். உன்னை மாதிரி நான் இளிச்சவாயன் இல்லை அக்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே எங்கள் தூக்குவாளியில் போட்டேன்.

"டணக்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தூக்கி ஆட்டிப் பார்த்தேன். துணியை அவிழ்த்தேன். உள்ளே என் மல்லாட்டை மட்டும் கிடந்தது.

காதர் பாய் தலையில் கை வைத்தார். "நெசமா சொல்றேன், எல்லாரும் இதுலதான் போடுவாங்க, எப்படியும் ஜெயிச்சிடும்னு நெனச்சி நான் லைட்டுக்குப் போட்டேன்பா." எதிர்வீட்டுக்காரர்களும் அப்படியேதான். சந்து முனையில் விளக்கு கேட்ட பாத்திரம் நிரம்பி வழிந்தது. கோபத்தில் என் மனைவியைப் பார்த்தேன். "டியூசன் வுட்டு பொண்ணுங்க இருட்டுல வருதுங்களே... அதான் நீங்க போடுவீங்களேன்னு..." என்று இழுத்தாள். என் வீட்டிலேயே இந்தக் கதி! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது தனம் பக்கத்தில் வந்தாள். "இந்தச் சத்தம் எனுக்குத் தெரியும்ணே. அன்னிக்கி என் கொடத்துல ஒண்ணு கூட விழல. எல்லார் எதிர்லயும் காலிக் கொடத்த எப்படி தூக்கிக்கினு போறதுன்னு நின்னுக்கினு இருந்தேன். அக்கா வந்து போட்டாங்க. ஊஞ்சல் வரலன்னாலும் பரவால்லன்னு அடுத்த வருசமும் சாப்பிட வந்தேன்."

மல்லாட்டை கிடக்கும் பாத்திரத்தில் இன்னொன்று விழுந்தால் சத்தம் வராது. இது எனக்குத் தெரியாதா? இத்தனை ஆண்டும் கடைசி ஆளாகப் போட்ட அக்கா கையிலிருந்து ஏன் அந்தச் சத்தம் வந்தது என்று ஒருமுறைகூட நான் யோசிக்கவில்லை. சோறு போட்டுக்கொண்டே எது சத்தம் போடாமல் இருக்கிறது என்று அவர் காதில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த ஆண்டு சத்தம் போடாமல் இருந்தது எங்களுடையது. அதில் ஒன்று போட அக்கா இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடமாக வராத அழுகை.

மறுபடியும் போடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். "அக்கா முறைய மாத்தாதீங்க. அண்டாவ அடுப்புல ஏத்துங்க" என்றேன். சந்தில் விளக்கு எரிகிறது.

அக்காவை நாற்காலியில் சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும், இறுதிச் சடங்கை முன்னின்று நடத்திய பங்குத் தந்தைக்கும், காதர் பாய்க்கும், தனத்துக்கும், திண்டிவனத்திலிருந்து வந்து அழுத மாணவிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கால்வாய்க்குப் போடாத அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நேரில் சொல்ல வாய் வராது.

அடுத்த சாப்பாட்டிலும் நான் கடைசியாகத்தான் போடப்போகிறேன், காதைத் தீட்டிவைத்துக்கொண்டு. அப்போ நம்ம கால்வாய்க்கு யார்தான் போடுவாங்க என்கிறாள் என் மனைவி. அது எனக்கும் தெரியவில்லை. அதுவரை எங்கள் வாசலில் தண்ணீர் நிற்கும். நினைவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வலது ஓரமாகவே வாருங்கள். பார்த்து வாருங்கள், இடது பக்கம் குழி இருக்கிறது.